நெஞ்சு வலிக்குப் போனவருக்குச் சீனி எப்படி வந்தது?

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையைக் கூட வீட்டில் வைக்காமல் சிலபேர் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

லயத்துப் பக்கம் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னுதாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும்போது சீனி வியாதியே இல்லீங்க. அங்க போய் ரெண்டு நாள்ல சீனி இருக்குன்னு ஊசி போட ஆரம்பிச்சிட்டாங்க. சேலைன் ஏத்தித்தான் சீனி வந்திருச்சு." இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நடந்தது வேறு. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேருகிற ஆட்களில் பலபேருக்கு இரத்தத்தில் சீனி கூடித்தான் இருக்கும். ஏற்கெனவே சீனி வியாதி உள்ளவர்களுக்கும் கூடும், இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கூடும். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது காரணம், உடம்பு பயந்து போவது. லயத்தில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வோம்? கையில் கிடைத்த வாளி, குடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடுவோம். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அந்த நேரத்தில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. இருதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடம்பும் அப்படித்தான் செய்கிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகள் இரத்தத்தில் பாய்கின்றன. "ஆபத்து வந்திருச்சு, எல்லாருக்கும் பலம் வேணும்" என்று ஈரலுக்குச் செய்தி போகிறது. ஈரல் தான் சேர்த்து வைத்திருந்த சீனியை எடுத்து இரத்தத்தில் கொட்டுகிறது. அதே நேரத்தில் சீனியைக் கட்டுப்படுத்துகிற இன்சுலினின் வேலையும் மந்தமாகிவிடுகிறது. அதனால் ஒரு வாய் இனிப்புத் தின்னாத ஆளுக்கும் சீனி ஏறுகிறது. நெருப்பு அணைந்த பிறகு ஓட்டம் அடங்குவது போல, இருதயம் தேறியதும் சிலருக்கு இந்தச் சீனி தானாகவே இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. அந்த ஆளுக்கு இரண்டு மூன்று வருசமாகவே சீனி வியாதி இருந்திருக்கும். ஒரு தடவையாவது இரத்தம் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். சீனி வியாதி தொடக்கத்தில் வலிக்காது, காய்ச்சல் வராது, வேலைக்குப் போகவிடாமல் தடுக்காது. சத்தம் போடாமல் இரத்தக் குழாய்களை அரித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் நெஞ்சு வலியாகத்தான் வெளியே வரும். அப்படியானவருக்கு ஆஸ்பத்திரியில் சீனி வரவில்லை. ஏற்கெனவே இருந்ததை ஆஸ்பத்திரி கண்டுபிடித்தது, அவ்வளவுதான்.

இது நாங்கள் ஊகித்துச் சொல்கிற கதை இல்லை. சுவீடன் நாட்டு டொக்டர்மார் சீனி வியாதி இல்லை என்று எண்ணியிருந்த 181 மாரடைப்பு நோயாளர்களைச் சோதித்து, 2002ஆம் ஆண்டில் விபரம் வெளியிட்டார்கள். வீட்டுக்குப் போகிற சமயத்தில் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சீனி வியாதியே இருந்தது. இன்னும் மூன்றில் ஒரு பங்கினர் அந்த வியாதியின் வாசற்படியில் நின்றார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்தபோதும் நால்வரில் ஒருவருக்குச் சீனி வியாதி உறுதியாகவே இருந்தது. வசதியான நாட்டிலேயே இப்படியென்றால், டிஸ்பென்சரிக்குப் போகவே நேரம் பார்க்கிற நம்முடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, இருதயத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் டொக்டரும் மிஸ்ஸியும் ஏன் விரலைக் குத்திக் குத்திச் சீனி பார்க்கிறார்கள்? வீண் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். 15 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று உண்டு. சீனி வியாதி இல்லாத மாரடைப்பு நோயாளரிலும், ஆஸ்பத்திரிக்கு வரும்போது சீனி கூடியிருந்தவர்கள் இறந்துபோகிற ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அது காட்டியது. சீனி மட்டும்தான் அவர்களைக் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பெரிய அடைப்பு வந்தால் உடம்பு அதிகம் பயப்படும், சீனியும் அதிகம் ஏறும். ஆனாலும் ஏறிய சீனி தன் பங்குக்குக் கெடுதல் செய்யத்தான் செய்கிறது. சிறுநீர் அதிகம் போய் உடம்பில் தண்ணீர் குறையும். இரத்தம் கட்டிப்படுகிற தன்மை கூடும். கிருமி தொற்றுவது சுலபமாகும். அடிபட்ட இருதயத்துக்கு இதெல்லாம் மேலும் சுமை. ஆகவே கட்டில் பக்கத்தில் எழுதி வைக்கிற அந்தச் சீனி எண் ஒரு எச்சரிக்கை மணி.

அடுத்தது இன்சுலின் ஊசி. "ஒருதரம் போட்டா சாகிற வரைக்கும் போடணும்" என்ற பயம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சீனி மணிக்கு மணி மாறும். அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க வசதியான மருந்து இன்சுலின். அதனால்தான் பல இடங்களில் மாத்திரையை நிறுத்தி ஊசி போடுகிறார்கள். சிலருக்கு டிக்கட் வெட்டும் முன்பே ஊசி நின்றுவிடும். சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு ஊசி தொடர வேண்டி வரும். அதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இஸ்தோப்பில் உட்கார்ந்து நாம் முடிவு செய்கிற விசயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. "சீனி கூடினால் கெடுதல் என்றால் அடியோடு இறக்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 6,000க்கும் மேற்பட்ட பலவகை நோயாளரை வைத்து நடந்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீனியை 81க்கும் 108க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தவர்களில் நூற்றுக்கு 27.5 பேர் இறந்தார்கள். 180க்கு மேல் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 24.9 பேர் இறந்தார்கள். அதாவது மிதமாகக் கட்டுப்படுத்தியதுதான் நல்லது. ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 140க்கும் 180க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பது இதனால்தான். "160 இருக்கே, ஏன் இன்னும் குறைக்கல?" என்று மிஸ்ஸியிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி நாம் செய்ய வேண்டிய காரியங்களைப் பார்ப்போம்.

நெஞ்சை அமுக்குகிற மாதிரி வலி, இடது கை, தோள், தாடை, முதுகுப் பக்கம் ஓடுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், வாந்தி இவையெல்லாம் மாரடைப்பின் அடையாளம். "வாய்வு பிடிச்சிருக்கு" என்று ஓமத் தண்ணி கொடுத்து விடியும்வரை காத்திருக்கிற பழக்கத்தை விடுங்கள். முக்கியமாக, நாட்பட்ட சீனி வியாதி உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப் போயிருப்பதால் நெஞ்சு வலியே வராமலும் மாரடைப்பு வரும். மலையில் நிற்கும்போது திடீரென்று மூச்சு வாங்கி, வேர்த்து ஊற்றி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் அவர்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

அந்த ஆளை நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். அது சுவசெரிய இலவச அம்புலன்ஸ். 2016இல் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. லயத்துக்கு வண்டி வர வழியில்லையென்றால் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள். தோட்டத்து வண்டி கிடைத்தால் அதில் ஏற்றுங்கள். டிஸ்பென்சரி ஐயாவுக்கும் உடனே சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கிற மருந்து முதல் சில மணித்தியாலங்களில் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். நேரம் போகப் போக இருதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

"களைச்சுப் போயிட்டார், கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று குளுக்கோசும் சோடாவும் கொடுக்காதீர்கள். சீனி ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிற நேரம் அது. ஆனால் சீனிக்கு மருந்து எடுக்கிற ஒருவர் சாப்பிடாமல் இருந்து, கை நடுங்கி, வேர்த்து, பேச்சுத் தடுமாறினால் அது சீனி குறைந்ததாக இருக்கலாம். நினைவு நன்றாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டொக்டர் கேட்டால் "சீனி இருக்கா இல்லையான்னு தெரியாது, இதுவரை பார்க்கல" என்று உண்மையைச் சொல்லுங்கள். "இல்லை" என்று சொல்வதும் "பார்க்கவில்லை" என்று சொல்வதும் ஒன்றல்ல.

வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கொண்டுபோவது என்ன? பிஸ்கட், திராட்சை, மோல்ட் பால்மா, கலர் சோடா. 2016இலிருந்து நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் நிற அடையாளம் போட வேண்டும் என்பது சட்டம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலை ஒருவர் குடித்தால் ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. டொக்டர் ஊசி போட்டு இறக்குகிறார், நாம் அன்பாகப் போத்தலைத் திறந்து ஏற்றுகிறோம். என்ன கொண்டுவரலாம் என்று மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

வீட்டு மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைத்து இரகசியமாகக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். ஊசியும் மாத்திரையும் சேர்ந்தால் சீனி 70க்குக் கீழே விழுந்து மயக்கம் வரலாம். அடிபட்ட இருதயத்துக்கு அது பெரிய ஆபத்து. ஊசி போட்ட பிறகு நோயாளி சாப்பிடாமல் இருந்தாலும், கை நடுங்கினாலும் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான இடம். டிக்கட் வெட்டுகிற நாள்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைப் பேர் ஊர் சொல்லாமல் சொல்கிறோம். கவ்வாத்து வெட்டுகிற 52 வயது ஆள். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அன்றைக்குச் சீனி 268. ஐந்து நாள் ஊசி போட்டார்கள், சீனி இறங்கியது, மனிதர் தேறி வீட்டுக்கு வந்தார். டயக்னோசிஸ் கார்ட்டில் "ஆறு கிழமைக்குப் பிறகு வெறும் வயிற்றில் சீனி பார்க்கவும்" என்று இங்கிலிசில் எழுதியிருந்தது. வீட்டில் வாசிக்க ஆளில்லை. கார்ட் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. "இருதயத்துக்கு மருந்து குடிக்கிறேன், சீனிதான் இறங்கிருச்சே" என்று இருந்தார். இரண்டு வருசம் கழித்து இரண்டாவது மாரடைப்பு. அன்றைக்குச் சீனி 340. உயிர் தப்பியது. ஆனால் இருதயம் பலமிழந்து போனது. இப்போது லயத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவருடைய பேர் செக்ரோலில் இல்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டாள். ஒரு வரியை யாரும் வாசிக்காததால் அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

ஆகவே டிக்கட் வெட்டுகிற நாளில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். தமிழிலேயே கேளுங்கள், பயப்பட வேண்டாம்.

ஒன்று: "சேரும்போது இவருக்குச் சீனி எவ்வளவு இருந்துச்சுங்க?"

இரண்டு: "இது சீனி வியாதியா, இல்ல இந்த நேரத்துக்கு ஏறினதா?"

மூன்று: "திரும்ப எப்ப, எங்க சோதிக்கணும்?"

பதிலைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் டயக்னோசிஸ் கார்ட்டை டிஸ்பென்சரி ஐயாவிடமோ எங்களிடமோ கொண்டுவாருங்கள். வாசித்துத் தமிழில் சொல்லுவோம், நாளையும் குறித்துத் தருவோம்.

சோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், தேத்தண்ணியும் குடிக்காமல், காலையில் எடுக்கிற இரத்தத்தில் 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் இன்னொரு தடவையும் வந்தால் சீனி வியாதி என்று முடிவு செய்வார்கள். எச்.பி.ஏ.வன்.சி. என்று இன்னொரு சோதனை உண்டு. அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் கணக்கைக் காட்டும். மாரடைப்பு நேரத்தில் திடீரென்று ஏறியதா, முன்னமே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வியாதி. ஆனால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை பிழையாகக் காட்டலாம். நம் தோட்டத்துப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் நிறைய. அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"கிளினிக் போனா ஒரு பேர் போயிருமே ஐயா" என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். தெரியும். ஒரு நாள் சம்பளம் நம் வீடுகளில் சின்ன விசயமில்லை. விடிய எழும்பி பஸ் பிடித்து, வரிசையில் நின்று, அந்திக்குத் திரும்புகிற கஷ்டமும் தெரியும். ஆனால் அந்த 52 வயது ஆளின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு பேர் போவதா, எல்லாப் பேரும் ஒரேயடியாகப் போவதா? கிளினிக் திகதியை இரண்டு நாளைக்கு முன்னமே கங்காணியிடமும் எங்களிடமும் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பெரட்டில் பேச்சு வாங்காமல் இருக்க நாங்கள் ஒபிசில் பேசி வைக்கிறோம்.

இன்னும் ஒன்று. மாரடைப்பு வரும்வரை காத்திருந்து சீனி பார்க்க வேண்டியதில்லை. 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் சீனியும் பிரசரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தாய் தகப்பனுக்குச் சீனி இருந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி ஏறிய தாய்மார்கள், சுருட்டு பீடி குடிக்கிறவர்கள், வயிற்றுச் சுற்றளவு கூடியவர்கள் முதலில் போங்கள். எங்கே, எந்த நாளில் என்று டிஸ்பென்சரி பலகையில் எழுதிப் போடச் சொல்லியிருக்கிறோம். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். டிஸ்பென்சரி ஐயாவும் இங்கேதான் இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய டயக்னோசிஸ் கார்ட் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்து, நாளைக்குக் காலையில் பெரட்டுக்கு வரும்போது கையோடு எடுத்துவாருங்கள்.